நீதிபதியே அபராதம் கட்டிய கதை சரிதானா?

மாடிவீட்டு டீச்சர் | புதன், இரவு 9:12

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடம் எடுக்கிறேன். போன ஞாயிறு சிலுவையைப் பற்றிய பாடம். வழக்கமான கதையைத்தான் சொன்னேன். ஒரு நீதிபதி முன்னால் அவருடைய மகனே குற்றவாளியாக வந்து நிற்கிறான். மகன் என்று பார்க்காமல் முழு அபராதத்தையும் விதிக்கிறார். அப்புறம் கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, தன் பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கட்டுகிறார். நீதியும் நிறைவேறியது, இரக்கமும் நிறைவேறியது. இருபது வருஷமாக இதைச் சொல்கிறேன், ஒரு பிள்ளையும் வாய் திறந்ததில்லை.

இந்தத் தடவை கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், அபராதத்த யார் வேணும்னாலும் கட்டலாம். கொலைக் கேஸா இருந்தா? அப்பாவத் தூக்குல போட்டுட்டு மகன விட்ருவாங்களா? விட்டா அது நீதியா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று பாடத்தை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால் நீதிமொழிகள் 17:15 கண்ணில் பட்டது: "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்." சிலுவையில் இந்த இரண்டும்தானே நடந்தது என்று நாம் பாடுகிறோம்? ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. உதவுங்கள்.

ரோமர்_எட்டு | புதன், இரவு 10:05

டீச்சர், அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். ஓட்டை உங்கள் கதையில் இருக்கிறது, உபதேசத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

கதையில் வரும் நீதிபதி சம்பளக்காரர். சட்டம் அரசாங்கத்துடையது. குற்றம் வேறு யாருக்கோ செய்யப்பட்டது. அவர் நடுவில் உட்கார்ந்திருப்பவர். தேவன் அப்படி இல்லை. சட்டமும் அவருடையது, பாவமும் அவருக்கு விரோதமானது. "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்றுதான் தாவீது சங்கீதம் 51இல் அழுகிறான். சிலுவையில் ஒரு மூன்றாம் ஆளைப் பிடித்து அடிக்கவில்லை. குமாரன் மனமுவந்து வந்தார், அவர் பிதாவுக்கு வெளியே நிற்கிற யாரோ அல்ல.

இன்னொன்று. ரோமர் 3:25, 26ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். நாம் "நல்ல கடவுள் எப்படித் தண்டிக்கலாம்" என்று கேட்கிறோம். பவுலுக்கு உறுத்துவது தலைகீழ்: நீதியுள்ளவர் முற்காலத்துப் பாவங்களை எல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தார்? அதற்குப் பதிலாகத்தான் சிலுவை வருகிறது. "தாம் நீதியுள்ளவரும், இயேசுவினிடத்தில் விசுவாசமாயிருக்கிறவனை நீதிமானாக்குகிறவருமாய் விளங்கும்படி." இரண்டும் ஒரே மூச்சில்.

சும்மா_கேட்கிறேன் | புதன், இரவு 11:20

நான் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை, அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன். பையன் கேட்டது பாதிதான். மீதிப் பாதி இது. நான் உங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் தர வேண்டும். என் அண்ணன் வந்து அதைக் கட்டிவிடுகிறார். இப்போது நீங்கள் என்னை மன்னித்துவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்ளலாமா? கணக்கு நேராகிவிட்டது, அவ்வளவுதான். பைசா சுத்தமாக வாங்கிக்கொண்ட பிறகு அதில் இரக்கம் எங்கே வருகிறது? இரக்கம் என்றால் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினால் அது வசூல்.

நீதி என்றால் மனுநீதிச் சோழன் மாதிரி இருக்க வேண்டும். கன்றைக் கொன்ற தேர்க்காலில் தன் மகனையே போட்டான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. மகனுக்குப் பதிலாகத் தேர்க்காலில் படுத்த சோழனுக்கு யாரும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

பங்குக்கோயில் | வியாழன், காலை 6:48

இந்தக் கேள்விக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது. இத்தாலிய இறையியலாளரான ஃபாஸ்டஸ் சோசினஸ் 1578இல் எழுதி, 1594இல் அச்சான நூலில் இதையேதான் கேட்டார்: கடன் தீர்க்கப்பட்டால் அது மன்னிக்கப்படவில்லை, மன்னிக்கப்பட்டால் அது தீர்க்கப்படவில்லை. பையனுடைய கேள்வியும் அதே நூலில் உண்டு. பணக்கடன் கைமாறும், மரண தண்டனை கைமாறாது என்றார். ஆகவே உங்கள் கடைசி வரிசைப் பையன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான்.

கத்தோலிக்கன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், ரோமர்_எட்டு கோபித்துக்கொள்ளக் கூடாது. இயேசு நமக்கான தண்டனையை வாங்கினார் என்பதுதான் ஆதியிலிருந்து ஒரே விளக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நிசேயா விசுவாச அறிக்கை "நமக்காகவும் நம் மீட்புக்காகவும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று ஆயர்கள் கூடிய எந்தப் பொதுச்சங்கமும் வரையறுக்கவில்லை. கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் நாடுகடத்தப்பட்டு இத்தாலியில் இருந்தபோது "கடவுள் ஏன் மனிதரானார்" என்ற நூலை முடித்தார். அதில் அவர் சொல்வது: ஒன்று ஈடு செய்ய வேண்டும், இல்லையென்றால் தண்டனை. இரண்டில் ஒன்று. கிறிஸ்து செய்தது ஈடு. ஈடு செய்தாகிவிட்டதால் தண்டனை என்ற பேச்சே இல்லை. அன்செல்மின் கிறிஸ்து தண்டிக்கப்பட்டவர் அல்ல, நாம் கொடுக்கத் தவறிய மரியாதையைக் கொடுத்தவர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எந்த ஈடும் வாங்காமல் கடவுள் மன்னித்திருந்தாலும் அநீதி ஆகியிருக்காது என்கிறார். மனித நீதிபதிக்கு அந்த உரிமை கிடையாது, ஏனென்றால் குற்றம் இன்னொருவருக்கு எதிரானது, அவருக்கு மேலேயும் ஓர் அதிகாரம் இருக்கிறது. கடவுளுக்கு மேலே யாரும் இல்லை. தனக்கு இழைத்ததை ஒருவர் மன்னித்தால் அது இரக்கம், அநீதி அல்ல. அப்புறம் சிலுவை எதற்கு? அதுதான் மிகப் பொருத்தமான வழி, வேறு வழியே இல்லாத கட்டாயம் அல்ல என்பார் தாமஸ்.

ரோமர்_எட்டு | வியாழன், காலை 7:30

கோபம் ஒன்றும் இல்லை அண்ணன். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் சட்டம் படித்தவர், ஆர்லியான்சிலும் பூர்ஷிலும். அவர் கையில் அன்செல்மின் மரியாதைக் கணக்கு, தண்டனைக் கணக்காக மாறியது உண்மைதான். ஆனால் இன்று சில கன்வென்ஷன் மேடைகளில் கேட்கிற "பிதா கோபத்தில் கொதித்தார், குமாரன் குறுக்கே விழுந்து தடுத்தார்" என்பது கால்வின் அல்ல. பிதா ஒருபோதும் குமாரன்மேல் பகையோ கோபமோ கொள்ளவில்லை என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். சிலுவையால் தேவன் நம்மை நேசிக்கத் தொடங்கவில்லை, நேசித்ததால்தான் சிலுவை வந்தது. யோவான் 3:16இல் "அன்புகூர்ந்தார்" என்பது முதலில் வருகிறது, "தந்தருளி" பிறகு வருகிறது. ஆனால் ஏசாயா 53இல் "நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்" என்று இருப்பதை என்ன செய்வது? தண்டனையை முழுசாக எடுத்துவிட்டால் அந்த அதிகாரத்தை வாசிக்க நாக்கு வராது.

கல்தேயன் | வியாழன், மதியம் 1:15

நீதிமன்றத்தை விட்டு வெளியே வரவே மாட்டீர்களா? நீங்கள் மூவரும் மேற்கத்திய வக்கீல்களாகவே பேசுகிறீர்கள். ஏழாம் நூற்றாண்டில் கத்தார் பக்கத்தில் பிறந்து, கொஞ்ச காலம் நினிவேயில் ஆயராக இருந்த, சிரியாக் மொழியில் எழுதிய துறவி ஈசாக்கு என்ன சொன்னார் தெரியுமா? தேவனை நீதியுள்ளவர் என்று அழைக்காதே, உன் விஷயத்தில் அவருடைய நீதி எங்கே தெரிகிறது என்று கேட்டார். இயேசுவின் உவமைகளில், கடைசி மணிநேரம் வேலைக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்தது நீதியா? சொத்தை அழித்துவிட்டு வந்த மகனை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது நீதியா? ஒரே உள்ளத்தில் நீதியும் இரக்கமும் குடியிருப்பது, ஒரே வீட்டில் தேவனையும் விக்கிரகத்தையும் கும்பிடுவது மாதிரி என்றார்.

கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் லேவியராகமம் 16ஐப் பாருங்கள். பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். சீட்டுப் போட்டு, ஒன்று கர்த்தருக்கு, மற்றொன்று போக்காடு. ஆசாரியன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து ஜனங்களின் அக்கிரமத்தை எல்லாம் அறிக்கையிட்டு ஏற்றுவது எந்த ஆட்டின்மேல்? உயிரோடிருக்கிற போக்காட்டின்மேல். அதைக் கொல்லுவதில்லை, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொல்லப்படுகிற ஆட்டின்மேல் அந்த நாளில் யாரும் பாவத்தை ஏற்றவில்லை. அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கப் போகிறது. பாவத்தை ஏற்றி அதற்காகவே கொல்கிற ஆடு அந்த அதிகாரத்தில் இல்லை. தண்டனையை அங்கே தேடினால் கிடைக்காது. கழுவுதலும் அப்புறப்படுத்துதலும்தான் இருக்கின்றன.

ரோமர் 3:25இல் "கிருபாதாரபலி" என்று இருக்கிற கிரேக்கச் சொல்தான் எபிரெயர் 9:5இலும் இருக்கிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு "கிருபாசனம்" என்று போட்டிருக்கிறது. ஒரே சொல்: ஓரிடத்தில் பலி, ஓரிடத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடி, இரத்தம் தெளிக்கப்படுகிற இடம், தேவன் சந்திக்க வருகிற இடம். பவுல் எதை நினைத்தார் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

பங்குக்கோயில் | வியாழன், மதியம் 2:02

சொல் என்றதும் ஞாபகம் வருகிறது. 1 யோவான் 2:2இல் எங்கள் திருவிவிலியத்தில் "நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே" என்று இருக்கும். கழுவாய் பழைய சொல், புறநானூறு 34இல் ஆலத்தூர் கிழார் பாடுகிறார். பசுவின் மடியை அறுத்தவனுக்கும், கருவைச் சிதைத்தவனுக்கும், பெரியோருக்குக் கொடுமை செய்தவனுக்கும்கூட "வழுவாய் மருங்கின் கழுவாயும் உள". உலகமே புரண்டாலும் செய்ந்நன்றி கொன்றவனுக்கு மட்டும் உய்வில்லை. தலைப்புக்கு வெளியே போய்விட்டேன், மன்னிக்கவும்.

கொடிமுந்திரி | வியாழன், இரவு 10:40

ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவள். இன்று எழுதத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்தினார். என் மகளின் கல்யாணத்துக்கு என்று 3 இலட்சம் போட்டிருந்தேன். ஒரு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு சபையில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று வீடியோ வந்தது. "நான் பெரிய பாவியாக இருந்தேன், என் கடனை எல்லாம் இயேசு சிலுவையில் கட்டித் தீர்த்துவிட்டார்" என்கிறார். ஜனங்கள் அல்லேலூயா என்று கை தட்டுகிறார்கள். அதை நான் அடுப்படியில் நின்று போனில் பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது. அணைக்கவும் தோன்றவில்லை.

கட்டித் தீர்த்தது சரி, யாருக்கு? எனக்கு ஒரு பைசா வரவில்லையே. ரோமர்_எட்டு தம்பி, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று தாவீது சொன்னதைக் காட்டினீர்கள். ஒருவருக்கே என்றால், பத்சேபாளுக்காகத் தாவீது கொல்லவைத்த அவள் புருஷன் உரியா யார்? அவன் செத்து மண்ணுக்குள் கிடக்கிறான், பாட்டில் அவன் பேர்கூட இல்லை.

சும்மா_கேட்கிறேன் | வியாழன், இரவு 11:05

நான் மேலே மனுநீதிச் சோழனைக் கொண்டுவந்தபோது முக்கியமானதை விட்டுவிட்டேன் அக்கா, நீங்கள் ஞாபகப்படுத்திவிட்டீர்கள். அந்தக் கதையில் ஆராய்ச்சி மணியை அடித்தது பசு. கன்றை இழந்தது வந்து கயிற்றை இழுத்தது, அதனால்தான் வழக்கே தொடங்கியது. டீச்சர் சொன்ன கதையில் நீதிபதி இருக்கிறார், மகன் இருக்கிறான், பணம் இருக்கிறது. மணியடித்தவர் இல்லை.

ரோமர்_எட்டு | வெள்ளி, காலை 6:15

அக்கா, உரியாவைப் பற்றி என்னிடம் நல்ல பதில் இல்லை. பாவத்தின் வேர் தேவனுக்கு விரோதமானது என்று விளக்கம் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதிவை வாசித்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. பாட்டின் தலைப்பில் பத்சேபாளின் பேராவது இருக்கிறது, உரியாவின் பேர் இல்லை. ஆனால் மத்தேயு தன் முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போது பத்சேபாள் என்று எழுதவில்லை, "உரியாவின் மனைவி" என்றுதான் எழுதினான். மறக்கவில்லை போலிருக்கிறது.

அந்தச் சாட்சி அரைகுறை சாட்சி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லேவியராகமம் 6இல் அயலானை ஏமாற்றியவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குற்றநிவாரணபலி. உங்கள் கணக்குக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். வரி வசூலித்த சகேயு அதையும் தாண்டி "நாலத்தனையாக" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் இயேசு "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார்.

பங்குக்கோயில் | வெள்ளி, காலை 7:10

எங்கள் பாவசங்கீர்த்தனத்திலும் அதுதான். திருடியதை ஒப்புக்கொண்டால் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். பாவம் மன்னிக்கப்படும், பாவம் உண்டாக்கிய சேதம் அப்படியே நிற்கும். அன்செல்ம் நீதியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்த நூலில் அவரோடு உரையாடுகிற போசோவிடம் அவர் சொல்வார்: பாவம் எவ்வளவு கனமானது என்று நீ இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை. சும்மா மன்னித்துவிடு என்று சொல்வது, இழந்தவரிடம் "உன் இழப்பு ஒன்றுமில்லை" என்று சொல்வதாகிவிடும்.

நெறியாளர் | வெள்ளி, காலை 9:00

சீட்டு நடத்தியவர் எந்தச் சபை என்று ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தச் சபையாகவும் இருக்கலாம். விஷயத்துக்கு வாருங்கள்.

கல்தேயன் | வெள்ளி, இரவு 8:30

நேற்று நான் கொஞ்சம் துள்ளிவிட்டேன். ஈசாக்கு சொன்னதைக் கொடிமுந்திரி அக்கா முன்னால் நின்று சொல்ல என்னால் முடியாது. ஈசாக்கு பேசியது தன்னுடைய பாவத்தைப் பற்றி, தனக்கு அவர் கண்ட இரக்கத்தைப் பற்றி. அதை இன்னொருவர் நஷ்டத்தின் மேல் நின்று பேசினால் விஷமாகிவிடும்.

மத்தேயு 18ஐ இந்த வாரம் திரும்ப வாசித்தேன். அங்கே இயேசு சொல்லும் உவமையில் ராஜாவுக்கு ஓர் ஊழியன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. ராஜா அதை யாரிடமிருந்தும் வசூலிக்கவில்லை. கடனை மன்னித்தான், அவ்வளவுதான். ஆனால் 6 கோடி நாள் கூலி காற்றில் கரைந்துபோகாது. ராஜாவின் கஜானாவில் அந்த ஓட்டை இருக்கும். சும்மா_கேட்கிறேன் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: மன்னிப்பில் வசூல் இல்லை, செலவு உண்டு. செலவு மன்னிக்கிறவருடையது. அண்ணன் வந்து கட்டினால் அது கடன் தீர்ந்த கதை. கடன் கொடுத்தவரே நஷ்டத்தை ஏற்றால்? சிலுவையில் நீதிபதியின் மகனைப் பார்க்காதீர்கள். மணியடிக்க வந்தவரைப் பாருங்கள். அடிபட்ட பக்கத்திலிருந்து வருகிற மன்னிப்பு அது.

கொடிமுந்திரி | வெள்ளி, இரவு 10:15

தம்பி, அதே உவமையில் அந்த ஊழியனுக்கு இன்னொருவன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். பிரசங்கத்தில் அதைச் சில்லறைக் காசு மாதிரி சொல்வார்கள். நீங்களே போட்ட கணக்குப்படி அது நூறு நாள் கூலி. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள், சில்லறையா என்று.

செலவு மன்னிக்கிறவருடையது என்றீர்கள். புரிகிறது. நான் அந்த ஆளை மன்னித்தால் அந்த 3 இலட்சத்தை நான் கட்டுகிறேன் என்று அர்த்தம். இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. "மன்னித்துவிடுங்கள் சிஸ்டர், ஆசீர்வாதம்" என்பார்கள், என்னமோ தேங்காய் உடைக்கிற மாதிரி. இது பெரிய செலவு என்று ஒத்துக்கொண்டாலே பாதிப் பாரம் குறைகிறது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நகைக்கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டி கட்டுகிற தேதி வந்தால் அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

சும்மா_கேட்கிறேன் | வெள்ளி, இரவு 10:50

ஒரு முடிச்சு அவிழவில்லை. அக்காவுக்குச் செய்ததை அக்கா மன்னிக்கலாம், அவருக்கு உரிமை உண்டு. அக்காவுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிக்க அவருக்கு என்ன உரிமை? தாமஸ் சொன்னதும் அங்கேதான் இடிக்கிறது.

பங்குக்கோயில் | சனி, காலை 6:30

இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மத்தேயு 25இல் "மிகச் சிறியோராகிய என் சகோதரர் சகோதரிகளுள் ஒருவருக்கு நீங்கள் செய்ததையெல்லாம் எனக்கே செய்தீர்கள்" என்று இருப்பதை வைத்துத்தான் நான் நகர்வேன். அக்காவிடமிருந்து எடுத்த 3 இலட்சம் அவரிடமிருந்தும் எடுத்தது. ஆகவே அவருக்கும் ஒரு உரிமை உண்டு, அக்காவின் உரிமையைத் தள்ளிவிடாமல். இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

மாடிவீட்டு டீச்சர் | ஞாயிறு, மாலை 4:20

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளும் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள். அந்த நீதிபதி கதையை இனி சொல்லப்போவதில்லை. இன்று பிலேமோன் நிருபத்தை எடுத்துக்கொண்டு போனேன், ஒரே அதிகாரம், ஒன்பதாம் வகுப்புக்குத் தாங்கும்.

ஒநேசிமு தன் எஜமான் பிலேமோனை விட்டுப் போன அடிமை. எதையாவது எடுத்துக்கொண்டும் போயிருக்கலாம். பவுல் அவனைப் பிலேமோனிடமே திருப்பி அனுப்புகிறார், கையில் கடிதத்தோடு. உமக்கு அநியாயம் ஏதாவது செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். அநியாயமே நடக்கவில்லை என்று பூசி மெழுகவில்லை. மறந்துவிடும் என்றும் சொல்லவில்லை. கணக்கு இருக்கிறது, என் பேரில் எழுதும் என்கிறார். ஒநேசிமுவும் நேரில் போய் நிற்க வேண்டும், பவுலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. கொலைக் கேஸ் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். சீட்டுக் கதையை ஊர், பேர் இல்லாமல் சொன்னேன், கொடிமுந்திரி அக்கா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி. வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தப் பையன் மட்டும் திரும்பக் கையைத் தூக்கினான்.

"டீச்சர், பிலேமோன் அந்தக் கணக்கப் பவுலுக்கு அனுப்புனாரா?"

பைபிளில் இல்லை என்றேன். "அனுப்பியிருந்தா பவுல் எங்க இருந்து கட்டுவாரு, அவரே ஜெயில்ல இல்ல இருக்காரு" என்றான். மணி அடித்துவிட்டது.